நிமர் வைத்த நம்பர்கள்

"சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது மாஸ்டர். பின்னாடி நிக்கிறவன் எல்லாம் ஹாரன் அடிச்சுச் சிரிக்கிறான்."

மிஷாரி கார் சாவியை மேஜை மேல் எறிந்தான். குவைத்தில் ஷுவைக் ஒர்க்‌ஷாப் தெருவில் காலையிலிருந்தே தூசிக் காற்று. அவன் வெள்ளை அங்கி பழுப்பேறியிருந்தது.

மெக்கானிக் முனீஃப் போனட்டைத் திறந்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தான். எட்டு சிலிண்டர், இரட்டை டர்போ. நின்ற இடத்திலேயே குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி உதறியது. ஆர்.பி.எம். முள் ஐநூறுக்கும் ஆயிரத்து இருநூறுக்கும் நடுவில் ஏறி இறங்கியது. பெட்ரோல் வாடை கண்ணை எரித்தது.

"பெரிய கேம்ஷாஃப்ட் போட்டிருக்கு. டியூனிங் யாரு பண்ணது?"

"இந்தக் கடையில உனக்கு முன்னாடி இருந்தானே, ஜோர்டான்காரன் நிமர். வண்டி நிக்கும்போது எஞ்சின் ஓடற ஐடிலிங்கைச் சரி பண்ணாம அப்படியே விட்டுட்டு ஊருக்கு ஓடிட்டான், திருட்டுப் பய."

முனீஃப் குழாய் இணைப்புகளில் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தான். எங்கேயும் காற்றுக் கசிவு இல்லை. லேப்டாப்பை மாட்டினான். ஐடிலிங்கில் காற்று போதவில்லை, பெட்ரோல் அதிகம், பொறி விழும் டைமிங் தாவிக்கொண்டிருந்தது. காற்றைக் கொஞ்சம் கூட்டி, பெட்ரோலைக் குறைத்து, டைமிங்கை ஓரிடத்தில் நிறுத்தினான். உதறல் அடங்கியது. ஏசியைப் போட்டான். முள் அசையவில்லை.

"கை வச்சா கை வச்சதுதான்!" மிஷாரி முதல் தடவையாகச் சிரித்தான்.

முனீஃப் திரையில் மேல் வரிசைகளையும் பார்த்தான். ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது எஞ்சின் கேட்டு நடக்கும் நம்பர்கள். பார்த்ததும் விசில் அடித்தான்.

"தம்பி, எத்தனை குதிரைசக்தின்னு சொல்லிக் குடுத்தான்?"

"எண்ணூறு."

"ஐநூறு இருந்தா பெருசு. டர்போவை முக்கால்வாசி அமுக்கி வச்சிருக்கான். டைமிங்கையும் இழுத்துப் பிடிச்சிருக்கான். நல்லா மிளகாய் அரைச்சிருக்கான் உன் தலையில."

கூட வேலை செய்யும் ஷஃபீக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். மிஷாரியின் முகம் சிவந்தது. உடனே நிமருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"சொல்லு தம்பி, நல்லா இருக்கியா?"

"வெக்கமா இல்ல? எண்ணூறுன்னு சொல்லி ஐநூறு வச்சிருக்கியே!"

"ஆமா."

"என்ன ஆமா?"

"ஏமாத்திட்டேன். தப்புதான்."

சண்டைக்குத் தயாராக இருந்த மிஷாரி ஒரு கணம் தடுமாறினான். அப்புறம் இன்னும் கத்தினான்.

"எங்க அண்ணன் ஃபலாஹுக்கு மட்டும் சொன்னது சொன்னபடி பண்ணிக் குடுத்தியே! அவன் வண்டி மாதிரியே வேணும்னுதானே உன்கிட்ட வந்தேன்? நான் என்ன இளிச்சவாயனா?"

நிமர் பேச்சை மாற்றினான்.

"பக்கத்துல மெக்கானிக் இருந்தா போனை அவர்கிட்ட குடு."

முனீஃப் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனோடு கடைக்குப் பின்பக்கம் போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"என்ன சொன்னான்?"

"மன்னிப்புக் கேட்டான்."

"கேட்டா ஆச்சா? எண்ணூறு வந்தாகணும் மாஸ்டர்."

"உக்காரு. பண்றேன்."

அரை மணி நேரம் லேப்டாப்பை விட்டு நிமிரவே இல்லை முனீஃப். பிறகு மிஷாரி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். கண்ணில் தண்ணீர்.

"கால் வச்சதும் பாயுது! அண்ணன் வண்டி இப்படித்தான் பாயும்!" முனீஃபின் நெற்றியில் முத்தமிட்டான். "அந்த நிமர் பேரை இந்தத் தெரு பூரா நாறடிக்கிறேன், பாரு!"

கார் தெருமுனை திரும்பியது.

"இப்படியும் ஒருத்தன் ஏமாத்துவானா!" என்றான் ஷஃபீக்.

முனீஃப் எதிரில் இருந்த டீயைத் தொடவில்லை.

"நிமர் போன்ல எல்லாம் சொன்னான். அண்ணன்காரனை அவன் ஏமாத்தல. கேட்டபடி எண்ணூறு வச்சான். எட்டாம் நாள் சல்மி ரோட்டுல வேகத்துல வண்டி நொறுங்கி, காரை வெட்டித்தான் உடம்பை எடுத்திருக்காங்க. நிமர் பக்கத்துலயே நின்னிருக்கான்."

ஷஃபீக் கார் போன தெருமுனையைத் திரும்பிப் பார்த்தான்.

"நாப்பது நாள்கூட ஆகல, தம்பி வந்து நிக்கிறான், அதே மாதிரி வேணும்னு. முடியாதுன்னா அடுத்த கடைக்குப் போவான். அதனால சரின்னு தலையாட்டிட்டுக் குறைச்சு வச்சிருக்கான். ஐடிலிங்கை முடிக்கறதுக்குள்ள, எஞ்சின் சத்தத்தையே கேக்க முடியாம போயிடுச்சாம். கடையைச் சாத்திட்டுப் போயிட்டான். தெரியாம நான்தான் இன்னைக்கு வாயைத் திறந்தேன்."

"அண்ணே... அப்ப நீங்க இப்ப எண்ணூறு வச்சீங்களா?"

"மிதிச்ச உடனே துள்ளற மாதிரி கம்மி வேகத்துல மட்டும் கொஞ்சம் கூட்டினேன். மேல் வேகத்துக்கு நிமர் வச்ச நம்பரை நான் தொடல."

"என்னைக்காவது வேற கடையில காட்டினா தெரிஞ்சிடுமே! உங்களையும் திருடன்னு தெருவுல நின்னு திட்டுவானே!"

முனீஃப் லேப்டாப்பை மூடினான்.

"திட்டட்டும். திட்டறதுக்கு அவன் உயிரோட இருக்கணும், அவ்வளவுதான்."