எஞ்சின் இல்லாத வண்டி

ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரையில் உள்ள ஓட்டைகள் வழியாக முற்பகல் வெயில் கோமதிசங்கரின் புது மின்சாரக் கார்மேல் பொட்டுப் பொட்டாக விழுகிறது. வெளியே பாபநாசம் பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே போகிறது. வருஷாவருஷம் குலசை கோயில் தசராவுக்குக் கிளம்புமுன் பெட்ரோல் காரை இங்கே காட்டிவிட்டுப் போகிறவர், அதே பழக்கத்தில் இதையும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். மெக்கானிக் ஹாஜா பானெட்டைத் தூக்குகிறான். ஆயில் பார்க்கும் கம்பியை உருவ, எண்ணெய் துடைக்கும் கழிவு நூலோடு கை தானாக உள்ளே நீள்கிறது. பிடிக்க அங்கே எதுவும் இல்லை. ஒரு கறுப்பு மூடியும் தடித்த ஆரஞ்சு ஒயர்களும் மட்டும் தெரிகின்றன. "என்ன வே முழிக்கீரு? ஆயில மாத்தும். பிளக்கையும் பாரும்," என்கிறார் கோமதிசங்கர். சரி என்று தலையாட்டினால் போதும், அவருக்குத் தெரியப்போவதில்லை. இந்த மாதம் இங்கே வந்திருக்கும் ஒரே வண்டி இது. ஆனால் பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"இதுல எஞ்சினே இல்ல அண்ணாச்சி. ஆயில எங்கன ஊத்த?" கோமதிசங்கர் சிரிக்கிறார். "அப்பம் உமக்கு என்னதான் வே வேலை?" ஹாஜா குனிந்து சக்கரத்தைப் பார்க்கிறான். "டயரு தேயும். பேட்டரி கனம்லா, பெட்ரோல் வண்டியவிட வெரசாத் தேயும்." அவர் முகம் தெளிகிறது. "அப்பம் அதுக்கு உம்மகிட்டயே வாரேன்." ஹாஜா பானெட்டை இறக்கி, இரு கைகளாலும் அழுத்தி மூடுகிறான்.

"நான் டயரு மாத்துததில்லயே அண்ணாச்சி," என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டயர்க் கடையைக் காட்டுகிறான்.