பனியில் வந்த ரயில்

"நம்ம ஊர்ல கடைசியா எப்ப பனி கொட்டிச்சு, படக்காரரே?"

படப் பிரிவுத் தலைவர் அண்ணாந்து பார்த்து யோசித்தார். "கொட்டினதே இல்லையே, மேடம்."

"அப்ப இது என்ன?"

ஆசிரியர் அம்மா அன்றைய நாளிதழைத் தூக்கிக் காட்டினார். மூன்றாம் பக்கத்தில், 'தண்டவாளத்தைக் கடந்தவர் ரயில் மோதி பலி' என்று செய்தி. பக்கத்தில் படம். முழங்கால் அளவு பனிக்கு நடுவே ஜம்மென்று வளைந்து வருகிறது ஒரு சிவப்பு ரயில்.

"காலையிலேர்ந்து பதினோரு போன். ஒருத்தர், 'உங்க நிருபர் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா போனார்?'னு கேக்கறார். மானம் கப்பலேறுது!"

படக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம். எந்தப் படம் எங்கே இருக்கிறதென்று கம்ப்யூட்டர் தேடி எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். ஆசிரியர் வந்து இரண்டு மாதம்தான். வந்த வேகத்தில் பழைய இதழ்களையெல்லாம் புரட்டித் தீர்த்திருந்தார்.

"இது நாலாவது தடவை. ஒரு விபத்துக்கு நீராவி இன்ஜின். இன்னொண்ணுக்கு சுரங்க ரயில். நம்ம ஊர்ல சுரங்கமே கிடையாது!"

"மத்த ரயில் செய்திக்கெல்லாம் படம் சரியாத்தானே மேடம் இருந்துச்சு? புது டைம்டேபிள், ஸ்டேஷன் திறப்பு..."

"அதனாலதான் எனக்குக் கோபமே வருது. தெரியாதவர்னா மன்னிச்சிடலாம். உங்களுக்கு எல்லாம் தெரியும். மெத்தனம்!"

படக்காரர் தன் பாட்டுக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தப்பு செய்தவர் முகமாகவே இல்லை. ஆசிரியருக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. இரண்டு தாள்களை மேசையில் வைத்தார்.

"ஒண்ணு, நாளைக்கு வரப்போற திருத்தம். மோதின ரயிலை நம்ம ஆளே படம் எடுத்து அனுப்பியிருக்கார். இன்ஜின் நம்பர்கூட பளிச்சுனு தெரியுது. அதைக் கையில வெச்சுக்கிட்டு பனியைப் போட்டிருக்கீங்க! இன்னொண்ணு உங்களுக்கு. திங்கள்கிழமையிலேர்ந்து குறுக்கெழுத்துப் பக்கத்தைப் பாருங்க."

"குறுக்கெழுத்து பரவாயில்லை மேடம். திருத்தம் மட்டும் வேண்டாம்."

"ஏன், உங்க கௌரவம் குறைஞ்சிடுமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. முப்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர், கையில் மடித்த நாளிதழோடு நின்றார்.

"இந்த ரயில் படத்தைப் போட்டது யாருங்க?"

'பன்னிரண்டு' என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டார் ஆசிரியர். போனில் திட்டியது போதாதென்று நேரிலேயே வந்தாயிற்று.

"மன்னிச்சுக்கங்கம்மா. தப்பு எங்க மேலதான். நாளைக்கே திருத்தம் வந்துடும். இதோ பாருங்க, இதான் நிஜமான ரயில்."

அந்தப் பெண்மணி படத்தைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, இதைப் போட்டுடாதீங்கம்மா!"

"ஏம்மா?"

"இது என் வீட்டுக்காரர் வண்டி. நேத்தும் அவர்தான் ஓட்டினார். அந்த மனுஷன் திடீர்னு குறுக்கே வந்துட்டாருங்க. பிரேக்கைப் பிடிச்சும் நிக்கலை. வீட்டுக்கு வந்ததிலேர்ந்து ரெண்டு கையையும் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கார்."

ஆசிரியரின் குரல் இறங்கியது. "செய்தியில அவர் பேரே வரலையேம்மா?"

"பேர் எதுக்குங்க? எங்க லைன்ல ஓடறது மொத்தமே ஆறு இன்ஜின். நெத்தியில நம்பர் இருக்கு. எது யாரோட வண்டின்னு ரயில்வே குடியிருப்புல பொடிசுங்களுக்குக்கூடத் தெரியும். மூணு வருஷம் முன்னாடி எதிர்வீட்டு டிரைவருக்கும் இப்படித்தான் ஆச்சு. உங்க பேப்பர்ல இன்ஜின் படம் வந்தது. மறுநாளே ஸ்கூல்ல அவர் பையனை 'கொலைகாரன் மகன்'னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் பையன் அப்பாகூடப் பேசறதையே விட்டுட்டான். அந்த அக்கா இங்க வந்து அழுதிருக்காங்க. யாரோ ஒருத்தர், 'போங்கம்மா, இனிமே உங்க ஆளுங்க வண்டி இந்தப் பேப்பர்ல வராது'ன்னு சொல்லி அனுப்பினாராம்."

ஆசிரியர் மெதுவாகப் படக்காரர் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர்கிட்ட சொன்னேன் மேடம். படமே இல்லாம போடலாம்னேன். 'ரயில் செய்தின்னா ரயில் படம் இருந்தே ஆகணும்'னு ஒத்தைக்கால்ல நின்னார். சரி, இருக்கட்டும்னு போட்டுட்டேன். எந்த ரயில்னு அவர் சொல்லலையே!"

ஆசிரியருக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. போனை எடுத்தார். "நாளைக்கு மூணாம் பக்கத்துல ஒரு திருத்தம் இருக்கும். எடுத்துடுங்க." பிறகு குறுக்கெழுத்துப் பக்கத்துக்கான உத்தரவை நாலாகக் கிழித்தார்.

"ஒண்ணே ஒண்ணு, படக்காரரே. இனிமே படத்துக்குக் கீழே 'மாதிரிப் படம்'னு போட்டுடுங்க. போன் எடுத்தே என் காது புண்ணாயிடும்."

"போட்டுடறேன் மேடம்."

அந்தப் பெண்மணி எழுந்து படக்காரரின் எதிரே வந்து நின்றார்.

"உங்களைப் பார்த்து ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகத்தான் சார் வந்தேன். பேப்பர் வந்ததும் எங்க பொண்ணு ஓடிப்போய்ப் பிரிச்சா. நாலாவது படிக்கறா. அப்பா வண்டிதான் மோதிச்சுன்னு அவகிட்ட நாங்க சொல்லலை. என் உசுரு என்கிட்ட இல்லை. ரொம்ப நேரம் படத்தையே பார்த்தா. அப்புறம் நேரா அவங்கப்பா மடியில போய் உக்காந்துக்கிட்டு, அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னா: 'இந்த வண்டியை ஓட்டின அப்பா பாவம்ப்பா!'"