வெள்ளிக்கிழமைக்குள்

"நேத்திக்கடன் வச்சது நீ. நெருப்புல நடக்கிறது நானா?" என்றார் நாகமுத்து.

மகள் காய்ச்சலில் கிடந்தபோது, புருஷன் தீ மிதிப்பார் என்று மாரியம்மனிடம் வேண்டியிருந்தாள் சுந்தரம்மா. மகள் பிழைத்துவிட்டாள்.

"நம்பிக்கை இல்லாம எப்படி நடப்பேன்?"

"வெள்ளிக்கிழமைதானே தீமிதி. அதுக்குள்ள நம்பிருங்களேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நீ நம்பாம இருந்து காட்டு, பாப்போம்."

சுந்தரம்மா முயன்று பார்த்தாள். முடியவில்லை. அதன்பிறகு அவரை அவள் வற்புறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை, மலையகத்து யட்டவத்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், மஞ்சள் வேட்டியோடு வந்து தீக்குழியில் இறங்கி நடந்தார் நாகமுத்து. சுந்தரம்மா கண்ணீரோடு ஓடிவந்தாள்.

"நம்பிக்கை வந்துருச்சுங்களா?"

"வரல புள்ள," என்றார், கொப்புளம் போட்ட பாதத்தைப் பிடித்துக்கொண்டு. "நான் நடக்காட்டி, பாப்பாவுக்கு என்னமோ ஆகப்போகுதுன்னு காலம்பூரா நீ பயந்துகிட்டே இருப்பியே."