எதிர்வீட்டு ஸ்தோத்திரம்

கைதட்டல், கஞ்சிரா, போதாக்குறைக்கு ஒரு கிடார். துவாரகாவில் அந்த அடுக்குமாடி சொசைட்டியின் நாலாவது மாடியே அதிர்ந்தது. எல்லாம் எதிர்வீட்டுக் கூத்துதான்.

கோமளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே அபினவ் இப்போதுதான் கண் அசந்திருந்தான். டெங்கு வந்து ஐ.சி.யு. வரை போய், ஒன்பது நாள் கழித்து நேற்றுதான் வீடு திரும்பிய ஒற்றைப் பிள்ளை. நன்றாகத் தூங்கட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சத்தம்கூடக் கிடக்கட்டும். அந்த வீட்டில் கொண்டாட என்ன இருக்கிறது? ஏர்போர்ட்டில் வேலை பார்த்த செல்வின், பைக்கிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் மூன்று மாதமாகப் படுக்கையில் கிடக்கிறான். அவன் பெண்டாட்டி பியூலாவோ காலையில் புதுப்புடவை கட்டிக்கொண்டு, கைநிறைய வாழையிலையோடு லிஃப்டில் வந்தாள். சிரிப்பு வேறு. இவளெல்லாம் மனுஷிதானா?

இந்த ஒன்பது நாளில் அபினவ் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை வந்து கேட்கவில்லை, அந்த மகராசி.

இன்டர்காமில் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார் பாடினால் என்ன ஆன்ட்டி என்று அவன் இந்தியில் முனகிவிட்டு வைத்துவிட்டான். சரி, நாமே நாலு கேள்வி கேட்டுவிடுவோம் என்று போய் பெல்லை அழுத்தினாள்.

பியூலா கதவைத் திறந்ததும் பாட்டு நின்றது. ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் கட்டில். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த செல்வின் கையில்தான் கஞ்சிரா இருந்தது. முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல்.

கோமளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவேளை கால் சரியாகிவிட்டதோ, நாம்தான் அவசரப்பட்டுவிட்டோமோ என்று கோபத்தை விழுங்கிக்கொண்டு, டாக்டர் ஏதாவது நல்ல சேதி சொன்னாரா என்று விசாரித்தாள்.

"இல்லக்கா. வெள்ளிக்கிழமை கையை விரிச்சிட்டாரு. இனிமே இவுக நடக்கவே மாட்டாகளாம்."

பியூலாவின் குரல் லேசாகக் கம்மியது. ஆனாலும் உள்ளே வந்து உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கோமளா உட்காரவில்லை. இந்தச் சேதியைக் கேட்ட மூன்றாம் நாள் இலை போட்டு விருந்தா? துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதா இவர்களுக்கு?

"அப்புறம் எதுக்கு இந்தப் பாட்டும் கும்மாளமும்?" வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

செல்வின்தான் பதில் சொன்னான்.

"ஸ்தோத்திரக் கூட்டம்க்கா. ஆண்டவருக்கு நன்றி சொல்றது. ரெண்டு காரியத்துக்காக ஜெபம் பண்ணிட்டிருந்தோம். ஒண்ணு என் காலு. அது இல்லன்னு ஆயிட்டு. ரெண்டு நாளா நானும் அழுதேன், இல்லங்கல. ஆனா இன்னொண்ணை அப்படியே குடுத்துட்டாருல்லா? அதை நெனைச்சா சந்தோசம் தாங்கல. சொன்ன மாதிரி நன்றி செலுத்த வேண்டாமா?"

"அப்படி என்ன குடுத்தார்?"

"நம்ம அபினவைத்தான்," என்றான் செல்வின். "புள்ள இப்ப ஏதாச்சும் சாப்பிடுறானாக்கா?"