ஒரு முழம்

மீன் மாட்டியதும் கிழவர் முதலில் திரும்பிப் பார்த்தது பின்னாலிருந்த பாதையைத்தான்.

ஈ காக்கை இல்லை. பார்க்க வேண்டிய நாளில் ஒருத்தனும் வரமாட்டான்.

தூண்டில் கழி வில்லாக வளைந்தது. எட்டிக் குதித்தால் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் அந்த மலையோடை. அதில் இத்தனை பெரிய டிரவுட் மீன் இருப்பது ஓடைக்கே தெரிந்திருக்காது.

தூண்டில் முள்ளில் இறகும் நூலும் வைத்து அவரே கட்டிய பொய் ஈ, அதன் உதட்டோரம் தைத்திருந்தது.

பாறைக்குப் பாறை வழுக்கி, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, ஒருவழியாகக் கைவலையில் அள்ளினார்.

கையை நனைத்துக்கொண்டார். காய்ந்த கை பட்டால் மீனுக்கு ஆகாது.

முழங்கையிலிருந்து விரல்நுனிவரை வைத்துப் பார்த்தார். ஒரு முழம். அதற்கும் மேலே வால் ஆடியது.

ஊரில் அவருக்குப் பட்டப்பெயரே 'ஒரு முழம்'தான். முப்பது வருடமாக அவர் பிடித்துத் திரும்ப விட்டதாகச் சொன்ன மீன் எல்லாம் ஒரு முழம். சாண் நீளத்தைக்கூட முழமாக்கிய வாய். முடிவெட்டும் கடையில் அவர் தலை தெரிந்தாலே கையை நீட்டி அளந்து காட்டிச் சிரிப்பார்கள்.

இதைத் தலையில் ஒரு தட்டுத் தட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய் அந்தக் கடை மேசையில் போட்டால் போதும். அத்தனை வாயும் அடைத்துப்போகும்.

வயிற்றைத் தடவினார். கெட்டியாக இருந்தது. சினை.

பெருமூச்சு விட்டுக்கொண்டு முள்ளைக் கழற்றினார்.

"போடி, மகராசி."

வாலால் ஓர் அடி. முகமெல்லாம் தண்ணீர். கல்லுக்கடியில் போய்விட்டது.

திரும்பும்போது முடிவெட்டும் கடையில் வழக்கம்போலக் கைகள் நீண்டன. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். இந்த மீனை அந்தச் சிரிப்புக்குத் தின்னக் கொடுக்க மனமில்லை.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊரே சிரித்தாலும் அவள் சிரிப்புதான் அவருக்கு அதிகம் உறைக்கும்.

"என்ன, இன்னிக்கு எத்தனை முழம்?"

"ஒண்ணும் மாட்டல."

மடித்த கை நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் அப்படியொரு சொல் வந்து அவள் கேட்டதில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள். துணியைக் கீழே வைத்தாள்.

"அடேயப்பா," என்றாள். "அவ்ளோ பெரிசா?"