விரல் வெட்டும் பூட்டு

பழைய பூட்டுகளைச் சேர்க்கும் கிறுக்குப் பிடித்த எட்வினைத் தேடி, முன்பின் தெரியாத ஒருவன் வந்தான். மாசானம் என்று பெயர் சொல்லி, செங்கல் கனத்தில் ஒரு பித்தளைப் பூட்டை மேசையில் வைத்தான். அதன் பக்கவாட்டில் உள்ள துளைக்குள் விரலை விட்டு அழுத்திக்கொண்டு சாவியை வலப்பக்கம் திருப்பினால் அது திறக்கும். தெரியாமல் இடப்பக்கம் திருப்பினால், உள்ளிருக்கும் கத்தி பாய்ந்து விரலைத் துண்டாக்கிவிடும். கத்தி துருப்பிடித்து இறுகியிருந்தது; அதைச் சரிசெய்து தரக் கேட்டான். எட்வின் துருவை நீக்கி, எண்ணெய் விட்டு, ஒரு முருங்கைக்காயை நுழைத்துத் திருப்பினார். காய் நறுக்கென்று இரண்டானது. அவர் கைதட்டிச் சிரித்தார்.

“இத எனக்கே குடுத்திரும்வே. கேட்டதத் தாரேன்.”

“ஒரு வேலை பாக்கி இருக்கு சார். எந்தம்பி எம் பணப்பெட்டியில கைய வைக்கான். அவன் விரல் போனதும் சும்மாவே வச்சுக்கிடுங்க.”

எட்வினின் சிரிப்பு நின்றது. பூட்டை மூடுவதுபோல் குனிந்து, கத்தியின் சுருள்வில்லைக் கழற்றிக் காலடியில் நழுவவிட்டு, பூட்டை நீட்டினார். மாசானம் அவர் முகத்தையே பார்த்தான். சட்டென்று அவர் மணிக்கட்டை முறுக்கி, ஆள்காட்டி விரலைத் துளைக்குள் திணித்து, சாவியை இடப்பக்கம் திருப்பினான். வில் இல்லையென்று தெரிந்தும் எட்வின் அலறினார். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“நெனச்சேன்,” என்று மாசானம் பூட்டை அவர் மடியில் போட்டான். “நீங்களே வச்சுக்கிடுங்க. வீட்ல அரிவாள் இருக்கு.”

வெளியே பைக் உறுமியது. எட்வின் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினார்.

“ஏ, நில்லுடா! எந்த ஊருடா நீ? ஒந்தம்பி பேரென்ன?”

பைக் முக்கில் திரும்பி மறைந்தது. பூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்திருப்பதை அப்போதுதான் கவனித்தார்.