கயிற்றின் மறுமுனை

பெற்ற குழந்தையைக் கயிற்றால் கட்டிப் போட்டுவிட்டு ஒருத்தி தையல் கற்றுக்கொள்ள வருகிறாள் என்று கேட்டதும் ஃப்ளோரன்ஸ் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சேதி கொண்டு வந்தவள் வகுப்பைக் கூட்டிப் பெருக்கும் வரலட்சுமி. யாரோ சொன்னதைக் கேட்டுப் பேசுகிறவள் இல்லை. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"இடுப்புல கயிறு டீச்சர். மாட்டைக் கட்டிப் போடற மாரி. எதுருலியே தண்டவாளம் கீது."

"யாரு?"

"அந்த ஆவுடையம்மாதான்."

டீச்சரால் நம்ப முடியவில்லை. வகுப்பிலேயே நேராகத் தைக்கிறவள் அவள்தான்.

பர்மாவில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த தாய்மார்களுக்காகத் திருவொற்றியூரில் நடந்த வகுப்பு அது. ஆறு மாதம் ஒழுங்காக வந்தால் ஒரு சர்ட்டிபிகேட்டும் தையல் மெஷினும் கிடைக்கும். ஆவுடையம்மாளின் கணவன் மாசானத்துக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அதுவும் கப்பல் வந்தால்தான். மெஷின் வந்துவிட்டால் வீட்டில் தினமும் அடுப்பு எரியும். அதற்கு இன்னும் பதினைந்து நாள்தான் பாக்கி.

வகுப்பு ஆரம்பித்த வாரத்தில் ஒரு குழந்தை மெஷின் ஊசிக்கடியில் விரலை வைத்துவிட்டது. அன்றைக்கே வாசலில் போர்டு ஏறியது: 'குழந்தைகளை அழைத்து வரக்கூடாது.' அதற்குப் பிறகு வகுப்பு அமைதியாக நடந்தது. குழந்தைகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை.

டீச்சர் ஆவுடையம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"ஆமா டீச்சர், கட்டித்தான் வச்சிருக்கேன்" என்றாள் அவள். ஒளிக்கக்கூட இல்லை. "ஆனா அந்தக் கயித்தோட..."

"பேசாதே. நீ பெத்த பிள்ளைதானே அது? மெஷினுக்காக இப்படியா செய்வாங்க? நான் நேரில் போய்ப் பார்க்கிறேன். பார்த்துட்டு வந்து இன்னிக்கே உன் பேரை அடிச்சிடுவேன்."

ஆவுடையம்மாள் தைத்துக்கொண்டிருந்த பாவாடையைக் கையில் பிடித்தபடியே அழுதாள்.

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். ராயபுரத்தில் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் ஓர் ஆயாதான் பார்த்துக்கொள்கிறாள் என்பது வழி நெடுக அவளுக்கு நினைவு வரவில்லை. கோபத்தில் அதெல்லாம் எங்கே வரும்?

வரலட்சுமி ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை. குடிசைக்கு வெளியே மணலில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. இடுப்பில் துணி சுற்றி, அதன்மேல் கயிறு. கூப்பிடு தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. டீச்சர் குடையை வீசிவிட்டு ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"யாரது கயித்த அவுக்கறது?"

பக்கத்துக் குடிசைக்குள்ளிருந்து அதட்டல் வந்தது. பின்னாலேயே ஒரு பெண், கயிற்றை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே வெளியே வந்தாள். தோளில் பாதி பின்னிய மீன்வலை. கயிற்றின் மறுமுனை அவள் இடுப்பில் இருந்தது.

அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியவில்லை.

குழந்தை அந்தப் பெண்ணைப் பார்த்ததும் சிரித்துக் கையை நீட்டியது.

"நீங்க..." என்றாள் டீச்சர்.

"அடைக்கலமேரி. புள்ளைய நான்தான் பாத்துக்கறேன். இப்பிடித்தான் பாத்துக்க முடியும். கயிறு தொங்கிச்சின்னா கிட்டத்துல கீறா. வெடுக்குன்னு இஸ்துச்சின்னா ரயிலு பாக்கக் கெளம்பிட்டான்னு அர்த்தம். தண்டவாளத்துக்கு இருபதடி முன்னாலயே கயிறு முடிஞ்சிடும். இவ நைனா அளந்து கட்டிக் குடுத்துக்கீறாரு."

"வேற யாரும் இல்லையா, பார்த்துக்க?"

"கண்ணு தெரிஞ்ச பொம்பளைங்க அல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்கமா. தெருவுல மிச்சம் கீறது நான்தான்."

டீச்சர் அவிழ்த்த கயிற்றைப் பார்த்தபடி நின்றாள்.

"இவ ஆத்தாளும் மொதல்ல தூக்கிகினுதான் போனா" என்றாள் அடைக்கலமேரி. "கொயந்தைய இட்டாரக் கூடாதுன்னு அங்க எவளோ போர்டு எய்தி மாட்டிட்டாளாம். பாவம், அவளுக்கும் என்னாட்டம் கண்ணு தெரியாது போல."

டீச்சர் குழந்தையைக் கீழே இறக்கவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இனிமே கயிறு வேண்டாம். இவளை வகுப்புக்கே கூட்டிட்டுப் போறேன்."

அடைக்கலமேரி பதறிப்போய்க் கையை நீட்டித் துழாவினாள். டீச்சரின் புடவைத் தலைப்பு அகப்பட்டதும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைய வுடு. என்ன நம்பி வுட்டுட்டுப் போயிக்கீறா. யாருமா நீ?"

ஃப்ளோரன்ஸ் டீச்சர் தலைப்பை விடுவித்துக்கொள்ளவில்லை.

"அந்தப் போர்டை எழுதினவ."